ஊர்பெயர்ந்த இளமையை எழுதுமின்!

(முகையூரில் கூடிய தமிழன்பர் அவையில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

இளமையில் ஊர்பெயர்ந்தவர்கள் வளர்ந்தபின் அப்பெயர்வை எழுதுவது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இப்பொருளைப் பேசுதற்கு முகையூரினும் பொருத்தமான ஊர் அரிது. கரணியம் சொல்கிறேன். நீங்கள் நாள்தோறும் போய்வரும் திருக்கோவலூரில், தென்பெண்ணையாற்றுக்குள் ஒரு பாறை நிற்கின்றது. அதன் தலையில் ஒரு சிறு கோயில். கபிலர் குன்று என்று அதனைச் சுட்டுகிறோம். பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் ஆற்றிடைக் கல்லில் எரிபுகுந்தார் எனத் திருக்கோவலூர் வீரட்டானக் கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுக் கூறுகின்றது. புறநானூற்று அடிக்குறிப்போ அவர் வடக்கிருந்தார் என்கின்றது. எரிபுகுந்தாரா, வடக்கிருந்தாரா என்று புலவர்கள் வழக்கிடட்டும். எனக்கு இன்று வேண்டுவது கபிலர் அல்லர். அவர் கைப்பிடித்து வந்த அந்தப் பெண்பிள்ளைகள்.

பறம்புமலையை மூவேந்தர் முற்றினர். பாரி மாண்டான். இற்றைச் சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையே அப்பறம்பு என்பர். மணமாகாத இளம்பெண்களைக் கபிலர் அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடம் போனார்; அவன் ஏற்கவில்லை. இருங்கோவேளிடம் போனார், அவனும் ஏற்கவில்லை. கடைசியில் இந்தப் பெண்ணையாற்றங்கரை. தமிழில் எழுத்தாய் நமக்குக் கிடைத்த ஊர்பெயர்ந்த இளமைகளுள் மிகப் பழையது இதுவாகவே இருக்கவேண்டும். அப்பிள்ளைகள் பாடிய ஐந்தே அடிப் பாட்டொன்று புறநானூற்றில் 112ஆம் பாட்டாக இருப்பதை நீங்கள் அறிவீர்கள்.

கபிலரும் பறம்பைப் பாடினார், பெண்களும் பாடினர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கபிலர் எண்ணிக் காட்டுகிறார். உழவர் உழாமலே விளைவன நான்கு என்று மூங்கில்நெல்லையும் பலாவையும் வள்ளிக்கிழங்கையும் தேனையும் அடுக்குகிறார். பறம்பு நாட்டு ஊர்களின் தொகை முந்நூறு என்கிறார். பெரியவர்கள் ஒரு நிலத்தை இழந்தால் இப்படித்தான் கணக்கெடுப்பார்கள். பிள்ளைகளின் பாட்டில் எண்ணிக்கை இல்லை, விளைபொருள் இல்லை. போன திங்களில் கண்ட நிலவும் இந்தத் திங்களில் காணும் நிலவும் மட்டுமே உள்ளன. நிலவு மாறவில்லை, கீழே இருந்த எல்லாம் மாறிவிட்டன. ஒரு பிள்ளை ஊரை இழந்தால் எதைப் பார்க்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

இன்னொன்றும் காண்க. அங்கவை, சங்கவை என்னும் பெயர்கள் பின்னாளைய வழக்கில் வந்தவை. புறநானூற்றில் அவர்களுக்குப் பெயரே இல்லை. பாரிமகளிர் என்று தந்தையின் பெயரால் பதிந்தனர். பெயர்ந்தோர் பட்டியலில் பிள்ளைகளின் பெயர் விடுபட்டுப் போவது அன்றைக்கே தொடங்கிய வழக்கம் போலும்!

ஆனால் அப்பெண்கள் ஒரு திங்கள் இடையிட்டுப் பாடினர். நாற்பது, ஐம்பது ஆண்டு இடையிட்டு எழுதுவது வேறு. உ.வே.சாமிநாதையரை எடுத்துக்கொள்வோம். 1855இல் பிறந்தவர்; உத்தமதானபுரம் அவர்தம் ஊர். தந்தையார் இசையும் கதையும் சொல்லிப் பிழைத்தவர். ஆதரிப்பார் எங்கே உண்டோ அங்கே குடும்பம் போயிற்று. அரியலூர், குன்னம், கார்குடி என்று ஊர் ஊராகப் பெயர்ந்த இளமை அவருடையது. அதனை அவர் எழுதியது எப்போது? 1940இல், எண்பத்தைந்தை நெருங்கும் அகவையில், 'ஆனந்த விகடன்' இதழில் தொடராக. 1942இல் அவர் மறைந்தபோது அந்நூல் முடிவுறாமலே நின்றது. 'என் சரித்திரம்' என்று நூலுக்குப் பெயர். பெயரில் வடசொல் இருக்கின்றதே என்று நம்மில் சிலர் முகஞ்சுளிப்பது எனக்குத் தெரியும். பெயரைக் கடந்து உள்ளே போங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது? அரியலூர்ச் சடகோப ஐயங்கார் இருக்கிறார். குன்னத்துச் சிதம்பரம் பிள்ளை இருக்கிறார். கார்குடிக் கத்தூரி ஐயங்கார் இருக்கிறார். இவர்கள் அரசர் அல்லர், பெரும்பதிப்பாளர் அல்லர், சிற்றூர்களில் இருந்துகொண்டு கேட்டவர்க்குத் தமிழ் சொன்னவர்கள். ஊர்பெயர்ந்து வந்த ஒரு சிறுவன் அவர்களிடம் பாடங் கேட்டு, முக்கால் நூற்றாண்டு கழித்து நினைத்து எழுதியிராவிட்டால், அப்படிச் சிலர் வாழ்ந்தனர் என்பதே பலர்க்குத் தெரியாது. ஒரே ஊரில் இருந்து வளர்ந்தவன் தன் ஊரை ஒன்றோடொன்று ஒப்பிடான். அவனுக்கு ஊர் என்பது மூச்சுக்காற்று. பெயர்ந்தவனுக்கோ ஒவ்வோர் ஊரும் புதிது. யார் சோறு போட்டார், யார் திண்ணையில் இடம் கொடுத்தார், யார் கதவடைத்தார் என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும்.

அஃது ஆற்றைக் கடந்தும் வயலைக் கடந்தும் நிகழ்ந்த பெயர்வு. எந்த ஊருக்குப் போனாலும் அங்குப் பேச்சு தமிழ்தான். கடலைக் கடந்தவர் நிலை என்ன?

நம் தென்னார்க்காட்டு மக்களுக்குக் கடல் அயலானது அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து மார்த்தினீக்கு, குவாதலூப்பு, இரீயூனியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழரைக் கப்பலேற்றினர். குடும்பத்தோடு போனவர்களும் உண்டு; மடியிற் பிள்ளையோடு போன தாய்மாரும் உண்டு. இன்று அத்தீவுகளில் தமிழ்ப் பெயர்கள் குடும்பப் பெயர்களாக நிற்கின்றன. மாரியம்மனும் மதுரைவீரனும் நிற்கின்றனர். பேச்சுத்தமிழ் போய்விட்டது. ஓதும் பாட்டின் பொருள் ஓதுவார்க்கே விளங்காத நிலை. அங்கே பிறந்த எழுத்துகள் பிரெஞ்சிலும் கிரியோலிலும் பிறந்தன. அவற்றை நான் குறைகூறவில்லை. ஆயினும், கப்பலின் அடித்தட்டில் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு போன முதற்பிள்ளை என்ன கண்டது என்பதைத் தமிழில் சொல்ல ஒருவரும் எஞ்சவில்லையே என்னும் ஏக்கம் எனக்கு உண்டு.

இனி இலங்கைக்கு வருவோம். நான் இன்று சொல்ல வந்தது இங்கேதான் தொடங்குகிறது.

காப்பித் தோட்டங்களுக்காகவும், 1870க்குப்பின் காப்பியைப் பூஞ்சணம் அழித்தபோது தேயிலைத் தோட்டங்களுக்காகவும் தமிழ்நாட்டிலிருந்து மக்கள் போனார்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுப் பஞ்சம் அவர்களைத் துரத்திற்று. பஞ்சம் மட்டுமே துரத்திற்று என்று எழுதிவிட்டால் அது பாதி உண்மை. கடனும் துரத்திற்று, சாதிக் கொடுமையும் துரத்திற்று. போனவர்களுள் மிகப் பலர் சேரியிலிருந்து போனவர்கள் என்பதை நாம் மறைக்கக்கூடாது. தமிழர் தமிழர்க்குச் செய்த கொடுமையைத் தமிழில் எழுதத் தயங்குபவன் மொழிக்கு உண்மையாக இல்லாதவன்.

அம்மக்கள் மூன்று நான்கு தலைமுறை அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்து கிள்ளி, அங்கேயே புதையுண்டனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கிற்று. 1964 அக்தோபர் 30ஆம் நாள், இலால் பகதூர் சாத்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 9,75,000 பேர் என்று கணக்கு. அவருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்றனர். 1974இல் அந்த எச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று கூறுபோட்டுக்கொண்டனர். மாட்டைப் பங்கிடுபவர்கூட எந்த மாடு எந்தக் கன்றுக்குத் தாய் என்று பார்ப்பார்கள். இங்கே அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ!

தலைமன்னாரில் கப்பலேறி இராமேச்சுரத்தில் இறங்கினர். மண்டபம் முகாமில் பதிவு. அந்த முகாம் ஆங்கிலேயர் காலத்தில், தேயிலைத் தோட்டத்திற்குப் போகும் கூலிகளை நிறுத்திவைத்து நோய் உண்டா என்று பார்த்து அனுப்பிய இடம். போகும்போது பாட்டனை நிறுத்திவைத்த இடத்திலேயே வரும்போது பேரனையும் நிறுத்திவைத்தனர். அங்கிருந்து சிலர் நீலமலைக்கு, அரசின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போயினர்; சிலர் பாட்டன் பெயரையும் ஊர்ப் பெயரையும் மட்டும் வைத்துக்கொண்டு தங்கள் மூதூரைத் தேடிவந்தனர்.

அவர்களுக்கு அரசு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. இச்சொல்லை நிறுத்திப் பாருங்கள். இலக்கணம் படித்தவன் ஒரு சொல்லைக் கேட்டால் அதன் எழுவாயைத் தேடுவான். திரும்புதல் என்றால், போன ஒருவன் மீண்டு வருதல். ஒரு பத்து அகவைப் பிள்ளை அட்டனில் பிறந்தது. அங்கேயே நடை பழகிற்று. அது எங்கே போயிற்று, திரும்புவதற்கு? அதற்கு அந்தக் கப்பல் பயணம் போதல்தான், வருதல் அன்று. அரசின் ஏட்டில் ஒரு தவறான வினை அப்பிள்ளையின் தலையில் எழுதப்பட்டது.

என்னோடு ஆறாம் வகுப்பில் படித்த ஒருவர் அப்படி வந்தவர். எல்லாரும் அவரைச் 'சிலோன்' என்றே கூப்பிட்டோம். அங்கே 'இந்தியாக்காரன்', இங்கே 'சிலோன்காரன்'. நடுவில் உள்ள இருபது கல் கடல்தான் அவருடைய ஊர் போலும். அண்மையில் ஒரு திருமண வீட்டில் பார்த்தபோது கேட்டேன். அவர் சொன்னது இது: "கப்பல்ல எல்லாரும் ஊருக்குப் போறோம், ஊருக்குப் போறோம்னு சொன்னாங்கப்பா. எனக்கு ஒண்ணும் புரியல. நாமதான் ஊர விட்டுட்டு வந்துட்டமே, இன்னும் எந்த ஊருக்குப் போறோம்னு அம்மாவக் கேட்டேன். அம்மா அடிச்சிட்டாங்க." ஐம்பது ஆண்டுக்காலம் அறிஞர்கள் எழுதிய ஆய்வேடுகளில் நான் காணாத ஒன்றை அந்த ஒரு கேள்வியில் கண்டேன். எழுதுங்களேன் என்றேன். "எனக்கு எங்க எழுத வரும்?" என்று சிரித்துவிட்டார்.

இதுதான் நான் வற்புறுத்த வந்தது, அன்பர்களே! ஊர்பெயர்வுக்குப் பெயரிடுபவன் பெரியவன், அல்லது அலுவலகம். அப்பெயர் பிள்ளைக்குப் பொருந்தாது. பொருந்தாத சொல்லைத் திருத்தும் உரிமை உலகில் ஒருவனுக்கே உண்டு. அந்தப் பிள்ளை வளர்ந்து, தன் மொழியில், தானே எழுதவேண்டும். அவன் எழுதாவிட்டால் அலுவலகச் சொல்லே வரலாறாகிவிடும்.

ஏன் எழுதாதிருக்கிறார்கள்? பிள்ளையாய் இருக்கையில் சொல் இல்லை. இளைஞனானபோது வெட்கம், பிறரைப்போல் ஆகிவிடவேண்டும் என்னும் தவிப்பு, பேச்சின் இழுவையைக்கூட மாற்றிக்கொள்கிறான். பிறகு வயிற்றுப்பாடு. எல்லாம் ஓய்ந்து உட்காரும்போது கேட்டுச் சரிபார்க்கத் தாயும் தந்தையும் இல்லை. எப்சிபா யேசுதாசன் என்னும் அம்மையார் 1925இல் பருமாவில் பிறந்தவர். இளமையின் முற்பகுதியை அங்கே கழித்தவர். பின்னர்த் தமிழ்நாட்டின் தென்கோடிக்கு வந்து, திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தார். அவர் பருமாத் தமிழரின் வாழ்வை 'மா-னீ' என்னும் புதினமாக எழுதி வெளியிட்டது 1982இல். ஆங்கிலம் கற்பித்த அம்மையார் இதனைத் தமிழிலேயே எழுதினார் என்பதை நினைவில் வையுங்கள்.

அந்தப் பருமாவின் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1941 திசம்பர் 23ஆம் நாள் இரங்கோன்மீது சப்பானியர் குண்டு வீசினர். அதன்பின் ஐந்து இலக்கம் பேர் என்று சொல்லத்தக்க இந்தியர், அவருள் பெருந்தொகையான தமிழர், அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் பெரும்பாலும் கால்நடையாகவே வந்தனர். வழியில் மாண்டவர் பல்லாயிரவர். 1962இல் அங்குப் படையாட்சி வந்து, கடைகளையும் தொழில்களையும் அரசு எடுத்துக்கொண்டபோது மீண்டும் ஒரு பெயர்வு. சென்னைக் கடற்கரை நிலையத்தின் அருகில் உள்ள பருமாக் கடைத்தெரு அவர்கள் இட்டது. திரும்பிப் போக நினைத்து எல்லையில் தடைப்பட்டு, மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்ட தமிழரும் உண்டு. நடந்து வந்த பிள்ளைகள் எத்தனை ஆயிரம்! எழுதப்பட்ட நூல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நம் மாவட்டத்திலேயே கடலோரத்தில், மரக்காணம் போகும் வழியில், கீழ்ப்புத்துப்பட்டில் ஈழத்தமிழர் முகாம் இருக்கின்றது. 1983க்குப் பின்னும், 1990இலும், 2006இலும் அலையலையாய் வந்தவர்கள் தமிழ்நாடெங்கும் இத்தகைய முகாம்களில் வாழ்கின்றனர். அவர்களை 'அகதி' என்றோம். அது வடசொல், கதி அற்றவன் என்று பொருள். அதனை விடுத்து 'ஏதிலி' என்றோம். ஏதிலர் என்றால் சங்கத் தமிழில் அயலார், தொடர்பற்றவர். தமிழ்நாட்டு மண்ணில் முகாமுக்குள்ளே பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியில் தமிழ்ப்பாடம் படிக்கும் பிள்ளை யார்க்கு ஏதிலி? 2021இல் தமிழ்நாட்டரசு அவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றிற்று. நல்லதே. எனினும் நாம் ஆக்கிய தமிழ்ச்சொல்லும்கூட அப்பிள்ளைக்குப் பொருந்தவில்லை என்பதை நாம் உணரவேண்டும். தனித்தமிழ் ஆக்குதல் வேறு. உண்மைத்தமிழ் ஆக்குதல் வேறு.

தொ. பத்திநாதன் என்னும் எழுத்தாளர் 1990இல் மன்னார்ப் பகுதியிலிருந்து பள்ளி செல்லும் பருவத்தில் தமிழ்நாட்டுக்கு வந்தவர். முகாம் வாழ்க்கையிலும் கூலிவேலையிலும் வளர்ந்தவர். 2007இல் 'போரின் மறுபக்கம்' என்னும் தம் வரலாற்றை வெளியிட்டார். பேராசிரியர் எழுதியதன்று, அரசியல் தலைவர் எழுதியதன்று. முகாமில் இருந்தவரே எழுதியது. நம் மேடைகளில் ஈழத்தைப் பற்றி எத்துணை வீரவுரை நிகழ்த்தியிருக்கிறோம்! நம் ஊரருகே முகாமில் இருப்பவர் எப்படி நடத்தப்படுகிறார் என்று அவரே எழுதியபோது நம்மில் எத்தனைபேர் வாங்கிப் படித்தோம்? கைதூக்கச் சொல்லமாட்டேன்.

இனி, நம்மவர் பலர் என்னிடம் கேட்கும் ஐயத்திற்கு வருகிறேன். இவ்வாறு எழுதுவோர் 'லயம்' என்றும் 'பெரட்டு' என்றும் 'துரை' என்றும் கலப்புச் சொற்களை எழுதுகிறார்களே, அவற்றைத் தூய தமிழாக்கி எழுதச் சொல்லவேண்டாவா என்று கேட்கின்றனர். நான் தனித்தமிழ்ப் பற்றுடையவன். முப்பதாண்டாய் வகுப்பறையில் அதற்காக வாதாடுபவன். ஆயினும் இதில் என் முடிவு வேறு. லயம் என்பது ஒரு வரிசையில் கட்டிய பத்தடி அறைகள். 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் துரையின் வாயிலிருந்து கேட்டுத் தொழிலாளி தன் நாவுக்கேற்ப வளைத்தது. பெரட்டு என்பது விடியுமுன் ஆட்களை நிறுத்திக் கணக்கெடுத்தல். 'பரேடு' என்பதன் திரிபு. இவற்றை 'வரிசை மனை' என்றும் 'வைகறை அணிவகுப்பு' என்றும் மாற்றினால் சொல் தூயதாகும், சான்று அழியும். அணிவகுப்பு என்றவுடன் படிப்பவன் கண்முன் கொடியும் முரசும் தோன்றும். பெரட்டில் கொடியும் இல்லை, முரசும் இல்லை. பனியில் நடுங்கும் பெண்கள் நின்றார்கள்.

மறுபுறமும் சொல்கிறேன். 'துண்டு' என்பது நல்ல தமிழ்ச்சொல். தோட்டத்தில் துண்டு என்றால், ஒரு தொழிலாளி இன்னொரு தோட்டத்திற்குப் போகவேண்டுமானால் அவன் கடனைக் குறித்துக் கொடுக்கும் சீட்டு. அந்தக் கடனோடு அவனைக் கைமாற்றினர். தூய தமிழ்ச்சொல்லே அடிமைச் சீட்டுக்குப் பெயராய் நின்றதை என்னென்பது! ஆகவே எழுதுவோர்க்கு என் நெறி இதுதான். நீங்கள் உங்கள் குரலில் எழுதும்போது நல்ல தமிழில் எழுதுங்கள். உங்களுக்கு அது முடியும். அன்று உங்கள் காதில் விழுந்த சொல்லை விழுந்தபடியே எழுதுங்கள். அதனைத் திருத்தும் உரிமை எந்தப் புலவனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

இதெல்லாம் கடல் கடந்தவர் செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். தைப்பொங்கல் கழிந்ததும் நம் பள்ளிகளின் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு கரும்பு வெட்டவும் செங்கல் அறுக்கவும் புறப்படுகின்றன. கரும்புக்கொல்லையில் கொட்டகை, செங்கற்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்துச் சூளைகளில் குடிசை. உடன் போகும் பிள்ளைகள் சோகை பொறுக்குகின்றனர். காயும் பச்சைக்கல்லைத் திருப்பிப் போடுகின்றனர். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கின்றனர். மழை வந்தபின் மீள்கின்றனர். நம் ஏட்டில் அவர்களுக்கு 'இடைநின்றோர்' என்று பெயர். மூன்றாவது பொய்ச்சொல் இது. அப்பிள்ளை எங்கும் நிற்கவில்லை. நடந்தது, சுமையுந்தின் மேல் உட்கார்ந்து போயிற்று, வேலை செய்தது. நின்றது பள்ளிக்கூடம்தான், இருந்த இடத்திலேயே.

எட்டாம் வகுப்புக்கு 'எங்கள் ஊர்' என்று கட்டுரை கொடுத்திருந்தேன். ஏரி, கோயில், ஆலமரம் என்று நாற்பது தாள்களும் ஒரே வார்ப்பு. ஒரு மாணவன் மட்டும் சூளையை எழுதியிருந்தான். அங்கே போனதும் சுடாத கற்களை அடுக்கி அவன் தந்தை வீடு கட்டுவாராம், மண்ணும் பூசமாட்டாராம். பருவம் முடியும்போது அந்த வீட்டையும் பிரித்துச் சூளையில் அடுக்கிவிடுவார்களாம். "எங்கள் வீட்டை ஒவ்வோர் ஆண்டும் யாரோ வாங்கிக்கொண்டு போகிறார்கள்" என்று முடித்திருந்தான். எழுத்துப்பிழை பதினொன்று. சந்தி ஒன்றுகூடச் சரியில்லை. அக்கட்டுரையை வகுப்பில் நானே உரக்கப் படித்தேன். ஏரியையும் ஆலமரத்தையும் எழுதிய பிள்ளைகள் வாய்மூடிக் கேட்டனர். அதன்பின் இன்னும் மூவர், தாங்கள் போன கரும்புக்கொல்லையை எழுதட்டுமா என்று வந்து கேட்டனர்.

எழுத எண்ணுவோர்க்குச் சில சொல்வேன். அன்று புரியாததைப் புரியாததாகவே எழுதுங்கள். பத்து அகவையில் உங்களுக்கு ஒப்பந்தமும் தெரியாது, அமைச்சர் பெயரும் தெரியாது. பின்னர்ப் படித்ததை எல்லாம் அந்தப் பிள்ளையின் வாயில் திணிக்காதீர்கள். அதனைத் தனியே, இஃது நான் பின்னர் அறிந்தது என்று எழுதுங்கள். விட்டுவந்த ஊரை விண்ணுலகம் ஆக்காதீர்கள். அங்கும் அட்டை கடித்தது, அங்கும் பசித்தது, அங்கும் குடித்துவிட்டு அடித்தவர் உண்டு. கப்பலில் என்ன கொடுத்தார்கள், பொட்டியில் எது இருந்தது, எதை விட்டுவரச் சொன்னார்கள், நாயை யாரிடம் கொடுத்தீர்கள், புதுப்பள்ளியில் முதல்நாள் உங்களை எங்கே உட்காரவைத்தார்கள்: இவற்றை எழுதுங்கள். இரக்கம் பிறக்கவேண்டும் என்று எழுதாதீர்கள். அப்படி எழுதியவை இரண்டாம் பக்கத்திலேயே சலித்துவிடுகின்றன. தாய் உயிரோடு இருந்தால் இன்றிரவே கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் நினைவோடு முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள்.

எழுதவராது என்பவர்க்கு ஓர் ஏற்பாடு செய்துள்ளோம். பள்ளி நூலகத்தில் ஒரு பேழையின் கீழ்த்தட்டை ஒழித்து வைத்திருக்கிறேன். நூறு பக்கச் சுவடிகள் நாற்பது வாங்கியுள்ளோம். பத்தாம் வகுப்பு மாணவியர் அறுவர், காரிக்கிழமை தோறும் மாலை நான்கு மணிமுதல் ஆறு மணிவரை நூலகத்தில் இருப்பர். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர், பருமாவிலிருந்து வந்தவரின் மக்கள், சூளைக்கும் கரும்புக்கும் போய்வருபவர், யாராயினும் வந்து சொல்லலாம். அவர்கள் கேட்டு எழுதுவர். சொல்லியதை மாற்றாமல் எழுதவேண்டும் என்று அவர்களிடம் கண்டிப்பாய்க் கூறியிருக்கிறேன். சுவடியின் முதற்பக்கத்தில் மூன்று செய்திகள் மட்டும்: உங்கள் பெயர், ஊரை விட்டபோது உங்கள் அகவை, விட்ட ஊரின் பெயர். தந்தை பெயருக்கு இரண்டாம் பக்கத்தில் இடம் இருக்கிறது. இக்கூட்டம் முடிந்ததும் வாயிலருகே அம்மாணவியர் நிற்பர். சுவடி வேண்டுவோர் இப்போதே பெற்றுக்கொள்ளலாம்.